செயலே மருந்து: வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை கடந்து வந்த பாதை

 

ஜமாஅத்தின் ஆண்டறிக்கை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகத்தினர் கேட்டபோது, வழக்கம்போல் இமாம்களில் ஒருவரின் வரலாற்றை எழுதவே எண்ணியிருந்தேன். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நம் மக்தபில் நடந்த ஒரு நிகழ்ச்சி வேறொரு வரலாற்றின்பால் என்னை இழுத்துச் சென்றது. அந்நிகழ்ச்சியில் தவறு செய்தவன் நானே என்பதால், அதை முதலில் சொல்லிவிடுவதே முறையாகும்.

ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஓத வந்துகொண்டிருந்தான். காயிதாவை இடக்கையால் எடுப்பான். தண்ணீரை இடக்கையால் குடிப்பான். இனிப்புக் கொடுத்தாலும் இடக்கையையே நீட்டுவான். வலக்கையின் சிறப்பைப் பலமுறை எடுத்துரைத்தேன். பின்னர் கடிந்துகொண்டேன். ஒருநாள் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் அவனை எழுப்பி நிறுத்திக் கண்டித்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. சில மாதங்கள் கழித்து, அரசு மருத்துவ முகாம் ஒன்றுக்கு அவனைத் தாயார் அழைத்துச் சென்றார்கள். அங்கிருந்த சிகிச்சையாளர் அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லிச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு மருத்துவரிடம் அனுப்பினார். பிறவியிலேயே அவனது உடலின் வலப்பக்கம் வலுக்குறைந்திருக்கிறது என்பதும், அது மூளை முடக்குவாதத்தின் மிதமான வகை என்பதும் அன்றுதான் தெரிய வந்தன. ஏழு ஆண்டுகளாகப் பெற்றோர் அறியவில்லை. நாள்தோறும் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் அறியவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் தம்முன் இடக்கையால் உண்ட ஒருவரை வலக்கையால் உண்ணப் பணித்ததும், அவர் இயலாது என்றதும், பெருமையே அவரைத் தடுத்தது என்று அவ்வறிவிப்பு தெளிவுபடுத்துவதும் மார்க்கம் பயின்றோர் அறிந்த செய்திகளே. பெருமையால் மறுப்பவர் வேறு, உண்மையிலேயே இயலாதவர் வேறு. தக்க காரணம் உள்ளவர் இடக்கையால் உண்பதில் குற்றமில்லை என்று நம் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மதரஸாவில் நான் ஓதிய பாடந்தான் அது. ஓதியது நினைவிருந்தும், எதிரே நின்ற பிள்ளையின் கையைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சிகிச்சையாளரின் துறைக்கு ஆங்கிலத்தில் ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். தமிழில் செயல்வழிச் சிகிச்சை எனலாம். உண்பது, உடுப்பது, குளிப்பது, எழுதுவது, விளையாடுவது போன்ற அன்றாடச் செயல்களைச் செய்ய இயலாதவர்களுக்கு, அச்செயல்களையே கருவியாகக் கொண்டு பயிற்சியளிக்கும் துறை இது. பென்சில் பிடிக்கத் தடுமாறும் பிள்ளை முதல், உட்காரவும் விழுங்கவும் இயலாத பிள்ளை வரை இதனால் பயன் பெறுகின்றனர். இத்துறை எவ்வாறு தோன்றியது என்று தேடிப் படித்தபோது அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நம் முன்னோர் காட்டிய வழி

இயலாதவரை ஒதுக்கி வைப்பது பண்டைய சமூகங்கள் பலவற்றின் வழக்கமாயிருந்தது. இஸ்லாம் அவர்களைச் சபையின் நடுவே அமர்த்தியது. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு அருளப்பட்டதே அபஸ அத்தியாயத்தின் தொடக்கம். அத்தோழர் மதீனாப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு. அறிவில் சற்றுக் குறையுடைய ஒரு பெண்மணி தமக்கொரு தேவை இருப்பதாகக் கூறியபோது, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அங்கேயே வருவதாகச் சொல்லி, அவர் சொல்லி முடிக்கும்வரை நாயகம் (ஸல்) அவர்கள் உடன் நின்றதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

தாபியீன்களில் தலைசிறந்த அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் கால் ஊனமுற்றவர்கள். ஒரு கண் பார்வை இழந்தவர்கள். அவர்களின் கை செயலிழந்திருந்தது என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவில் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் உரிமை அப்பெருந்தகைக்கே அளிக்கப்பட்டிருந்தது. மக்தபில் நான் எழுப்பி நிறுத்திய சிறுவனை நினைக்கும்போதெல்லாம் இந்த இமாமின் கை என் மனக்கண்முன் வருகிறது.

உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், ஹிஜ்ரி 88இல் (கி.பி. 707) தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை ஏற்படுத்தி, அவர்கள் பிறரிடம் கையேந்தும் நிலையை அகற்றினார். நடக்க இயலாதவருக்கு ஒரு பணியாளையும் பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்று தபரீ எழுதியுள்ளார். பின்னர் டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி 1154இலும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இலும் நிறுவிய மருத்துவமனைகள் வக்ஃபு வருமானத்தில் இயங்கின. அங்கே மனநோயாளிகளும் நோயாளிகளாகவே மதிக்கப்பட்டனர். துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் கட்டி முடித்த மருத்துவமனையில், நீரோட்டத்தின் ஓசையும் நறுமணமும் இசையும் சிகிச்சையாகப் பயன்பட்டதைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி வர்ணித்துள்ளார். அக்கட்டடம் இன்று மருத்துவ அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

குழந்தைகளைப் பற்றி இப்னு ஸீனா தமது அல்கானூன் நூலில் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. பாலகனின் வளர்ச்சிக்கு மென்மையாக ஆட்டுதலும் இனிய குரலில் பாடுதலும் தேவை என்றும், முன்னது உடலுக்கும் பின்னது உள்ளத்துக்கும் உரியவை என்றும் அவர் கருதினார். நம் பாட்டிமார்கள் தொட்டில் ஆட்டித் தாலாட்டியதும் இதுதானே! அசைவு, ஒலி, தொடுதல் ஆகியவை குழந்தையின் மூளையை வளர்க்கும் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டில் தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்ததைப் பின்னர் காண்போம்.

காட்டுச் சிறுவனும் ஒரு மருத்துவரும்

ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை மனநோயாளிகள் சங்கிலியால் பிணிக்கப்பட்டுக் கிடந்தனர். பாரிஸில் மருத்துவர் ஃபிலிப் பினெல் 1790களில் அவர்களை மனிதர்களாக நடத்தும் முறையைக் கொணர்ந்தார். இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்ற தேயிலை வணிகர் 1796இல் ஓர் இல்லம் திறந்து, தோட்ட வேலை, தையல் போன்ற பணிகளில் நோயாளிகளை ஈடுபடுத்தினார். கைக்கு வேலை கிடைத்தபோது மனம் அமைதியடைந்ததை அவர்கள் கண்டனர்.

1800ஆம் ஆண்டு பிரான்சின் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வெளிப்பட்டான். பேச்சு இல்லை, ஆடை அணிய அறியான், வெப்பம், குளிர் வேறுபாடுகூட அவனைப் பாதிக்கவில்லை. பெரிய மருத்துவர்கள் பலர் அவனைத் தேறாதவன் என்று கைவிட்டனர். ஜீன் இத்தார் என்ற இளம் மருத்துவர் மட்டும் அவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு, ஏறக்குறைய ஐந்தாண்டுகள் பயிற்றுவித்தார். வெந்நீர்க் குளியலால் தோலின் உணர்வைத் தூண்டினார். பொருள்களைத் தொட்டு வேறுபடுத்தக் கற்பித்தார். விக்டருக்குப் பேச்சு வரவில்லை. எனவே முயற்சி தோற்றதென்று இத்தாரே வருந்தினார்.

ஆயினும் அவர் பதிவு செய்த ஒரு செய்தி உள்ளத்தை உருக்கும். விக்டரைத் தாய்போல் பேணிய மாதுவின் கணவர் இறந்துபோனார். அன்று உணவு மேசையை ஒழுங்கு செய்த விக்டர், வழக்கம்போல் அவருக்கும் ஓர் இடம் வைத்துவிட்டான். அதைக் கண்ட அந்த மாது கதறி அழுதார். விக்டர் அந்தத் தட்டை மெல்ல எடுத்து உள்ளே வைத்தான். அதன்பின் ஒருநாளும் அதை வெளியே எடுக்கவில்லை. பேசத் தெரியாத பிள்ளைக்குப் பிறர் துயரம் தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம்.

இத்தாரின் வழிவந்த எட்வார்ட் செகன், முதலில் தசைகள், பின்னர் புலன்கள், அதன்பின் அறிவு என்ற வரிசையில் பயிற்சி முறையை அமைத்து 1866இல் அமெரிக்காவில் நூலாக வெளியிட்டார். இவ்விருவரின் எழுத்துக்களையும் தம் கையாலேயே பெயர்த்தெழுதிப் பயின்றவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம் கண்ட முன்னேற்றத்தின் அடிப்படையிலேயே, 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தமது முதல் பள்ளியை அவர் தொடங்கினார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்ததும், உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்ததும் நம் மாநிலத்துக்குக் கிடைத்த பேறாகும். பொத்தான் மாட்டும் சட்டங்களையும் நீர் ஊற்றும் குவளைகளையும் இன்று மழலையர் பள்ளிகளில் காண்கிறோம். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் கற்ற பாடமே எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன் தந்தது என்பதை அவை நினைவூட்டுகின்றன.

ஒரு தனித் துறை பிறந்தது

ஜார்ஜ் பார்ட்டன் என்பவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். காசநோயால் அவதியுற்ற அவருக்குப் பின்னர் உடலின் இடப்பக்கமும் செயலிழந்தது. தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தம்மைத்தாமே தேற்றிக்கொண்ட அவர், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் இருந்த தமது இல்லத்தையே பயிற்சிக் கூடமாக்கினார். அங்கே 1917 மார்ச் 15ஆம் நாள் அவரையும் சேர்த்து ஆறு பேர் கூடி, இத்துறைக்கான முதல் சங்கத்தை நிறுவினர். மனநல மருத்துவர் வில்லியம் டண்டன், சமூகப் பணியாளர் எலினர் ஸ்லேகில், கைவினை ஆசிரியை சூசன் ஜான்சன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். இத்துறைக்கு அடிக்கல் நாட்டியவர்களுள் ஒருவர் தாமே இயலாமையை அனுபவித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் உலகப் போரில் கை கால் இழந்த வீரர்களால் இச்சிகிச்சையின் தேவை பெருகியது. இளம்பிள்ளைவாதம் குழந்தைகளையும் இதன்பால் கொண்டுவந்தது. ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி லண்டன் வந்த பெர்த்தா போபாத், கரேல் போபாத் தம்பதியர் 1940களிலிருந்து மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான பயிற்சி முறையை வளர்த்தனர். 1943இல் லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசம் என்ற நிலையை விரிவாக எழுதியதும், அக்குழந்தைகள் தனியே அறியப்படலாயினர்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் ஏர்ஸ் அம்மையார் 1972இல் வெளியிட்ட நூல் ஒரு திருப்புமுனை எனலாம். ஐம்புலன்களோடு, உடலின் சமநிலையை அறியும் உட்காதின் உணர்வும், தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வும் மூளையில் ஒன்றிணைய வேண்டும். அது சீராக நிகழாத பிள்ளை ஓசைக்கு அஞ்சும், துணியின் உரசலைத் தாங்காது, ஓரிடத்தில் அமராது என்று அவர் விளக்கினார். ஊஞ்சல், பந்து, களிமண் ஆகியவை சிகிச்சைக் கருவிகளாயின. ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை அடங்காப்பிள்ளை என்று பள்ளிவாசலிலிருந்து வெளியேற்றும் முன், நாம் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

உண்மையை முழுமையாகச் சொல்வதானால், ஏர்ஸின் முறை எல்லோருக்கும் பலனளிப்பதாக உறுதியாகவில்லை. சான்றுகள் போதுமானவையல்ல என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் எச்சரித்தது. மூளை முடக்குவாதச் சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஆஸ்திரேலியாவின் ஐயோனா நொவாக் குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவும் கருதத்தக்கது. பிள்ளைக்குத் தேவையான ஒரு செயலைக் குறிக்கோளாக வைத்து அதையே திரும்பத் திரும்பப் பழக்குவதும், சிகிச்சையாளரின் வழிகாட்டுதலோடு பெற்றோர் வீட்டில் அளிக்கும் பயிற்சியும் நல்ல பலன் தருகின்றன என்று அவர்கள் கண்டனர். சட்டை போடத் தெரிய வேண்டுமானால், சட்டை போட்டே பழக வேண்டும். ஆகவே விலையுயர்ந்த கருவிகளை மட்டும் காட்டிப் பெருந்தொகை கேட்பவர்களிடம் பெற்றோர் விழிப்பாயிருத்தல் நலம்.

நம் நாட்டில்

அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட கமலா நிம்ப்கர் அம்மையார், 1950இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் இத்துறைக்கான பள்ளியை ஏற்படுத்தினார். 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன நாடுகள் பத்தில் இந்தியாவும் ஒன்றாயிருந்தது.

தமிழகத்தில் வேலூருக்குத் தனியிடம் உண்டு. அங்கே மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்கு வேலையும் பயிற்சியும் இல்லையேல் பயனில்லை என்று கண்டு, நோயாளிகளுக்குத் தச்சுத் தொழில் கற்பித்தார். விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பணியாற்றி, 1966இல் அங்கு மறுவாழ்வு மையம் உருவாக வழிவகுத்தார். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981இலும், சென்னையில் வித்யாசாகர் 1985இலும் தோன்றின. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தை மத்திய அரசு 2005இல் அமைத்தது.

சட்டங்களும் வந்தன. 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு ஓராண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு உண்டு. 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதனையும், அதற்கென மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களும் அமைந்தன.

நம் கடமை

சகோதரர்களே! இவ்வரலாற்றைப் படித்தபின் மீண்டும் அந்தச் சிறுவனிடம் வருகிறேன். அவனுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி என்ன தெரியுமா? நலமுள்ள இடக்கைக்கு மிருதுவான கையுறை மாட்டி, குறிப்பிட்ட நேரம் வலக்கையாலேயே விளையாடச் செய்தார்கள். இம்முறைக்கு அடித்தளம் இட்டவர் எட்வர்ட் டௌப் என்ற அமெரிக்க ஆய்வாளர். சிகிச்சையாளரின் மேற்பார்வையின்றி வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கலாகாது. நானும் வலக்கையைப் பயன்படுத்தவே சொன்னேன். அவர்களும் அதையே சொன்னார்கள். நான் அவனை வெட்கப்படுத்திச் சொன்னேன். அவர்கள் மணியும் களிமண்ணும் கொடுத்துச் சொன்னார்கள்.

அவன் வீட்டிற்குச் சென்று அவனிடமும் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ், மீண்டும் ஓத வருகிறான். வலக்கை முழுமையாகத் தேறவில்லை. முழுமையாகத் தேறும் என்று மருத்துவரும் சொல்லவில்லை. ஆயினும் அந்தக் கை இப்போது முஸ்ஹஃபின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இடக்கை பக்கத்தைப் புரட்டுகிறது. ஒளூச் செய்வதைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பழக்கினோம். ஒளூ, தொழுகையின் நிலைகள், ஸஹனில் மற்றவரோடு அமர்ந்து உண்பது ஆகிய அனைத்தும் நம் பிள்ளைகளின் அன்றாடச் செயல்கள்தாமே! சிகிச்சையாளரிடம் செல்லும் பெற்றோர் இவற்றையும் குறிக்கோள்களாகச் சொல்லிக் கேட்கலாம்.

பெற்றோர்களுக்கு ஒன்று கூறுவேன். ஒரு வயது நிறையும் முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், உரிய காலத்தில் உட்காரவோ நடக்கவோ பேசவோ தொடங்காவிட்டால், காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுங்கள். துஆச் செய்வதும் ஓதிப் பார்ப்பதும் மருத்துவத்துக்குத் தடையல்ல. நோய்க்கு மருந்து செய்யுமாறு ஏவியவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே. கண்ணேறு என்றும் ஜின் என்றும் சொல்லித் தாயத்துக்காக ஊர் ஊராய் அலைவதில் கழியும் ஆண்டுகள், குழந்தையின் மூளை விரைந்து வளரும் விலைமதிப்பற்ற ஆண்டுகளாகும். தாயின் மீது பழி சுமத்தும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகத்திற்கு என் பணிவான வேண்டுகோள் மூன்று. மஹல்லாவில் இத்தகைய பிள்ளைகள் உள்ள வீடுகளை அறிந்து, தனித்துவ அடையாள அட்டை பெறவும் மாவட்ட மையத்துக்குச் செல்லவும் ஓர் இளைஞரைத் துணைக்கு அமர்த்துதல்; வசதியற்ற குடும்பங்களின் பயணச் செலவைப் பைத்துல்மாலிலிருந்து ஏற்றல்; மக்தபில் ஓதிக்கொடுப்போர் அனைவரும் ஒருநாளாவது ஒரு சிகிச்சையாளரிடம் அமர்ந்து, பிள்ளைகளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுதல். இந்த மூன்றாவது, முதலில் எனக்காகவே கேட்கப்படுவது.

குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கிக்கொண்ட நபியின் உம்மத் நாம். நம் பள்ளியின் ஸஃப்பில் ஒரு குழந்தை சத்தமிட்டால், திரும்பி முறைக்கும் கண்கள் இனி இல்லாதிருக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் நலத்தையும், அவர்களைப் பேணும் பெற்றோருக்குப் பொறுமையையும் நிறைந்த நற்கூலியையும் அருள்வானாக! அறியாமையால் நாம் இழைத்த பிழைகளை மன்னிப்பானாக! ஆமீன்.